காற்றுக்குப் பொறுப்பான ஆள்

விளையாட்டு மைதானத்தில் எனக்குக் கிடைத்திருக்கும் பதவி காற்று. சிரிக்காதீர்கள், என் கழுத்தில் தொங்கும் அட்டையில் பிரெஞ்சில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. நீளம் பாய்தலும் முப்பாய்ச்சலும் நடக்கும்போது ஓடுபாதைக்குப் பக்கத்தில் முக்காலியில் ஒரு கருவியை நிறுத்தியிருப்பார்கள். பாய்கிற பிள்ளை அடையாளக் கூம்பைத் தாண்டும்போது பொத்தானை அழுத்த வேண்டும். ஐந்து விநாடிக்கு அது காற்றை அளக்கும். முதுகுப் பக்கமிருந்து விநாடிக்கு இரண்டு மீற்றருக்கு மேல் காற்று அடித்தால் அந்தப் பாய்ச்சல் போட்டிக்குச் செல்லும், சாதனைக்குச் செல்லாது. காற்றுத் தள்ளிவிட்டது என்று கழித்துவிடுவார்கள். அளக்காமலே விட்டாலும் அதே கதிதான்.

இந்தப் பதவிக்கு நான் ஆசைப்பட்டு வரவில்லை. என் மகள் பன்னிரண்டு வயதில் ஒரு கழகத்தில் சேர்ந்து நீளம் பாய்ந்தாள். பிள்ளையைச் சேர்க்கிற பெற்றோர் வருடத்தில் சில நாட்கள் மைதானத்தில் வேலை செய்துகொடுக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும், ஓய்வுபெற்ற கெபெக் கிழவர்களுக்கு நடுவில் இருந்து வகுப்புக் கேட்டேன். கொடி பிடிக்க, நாடா இழுக்க, மணலைச் சமப்படுத்த எல்லாவற்றுக்கும் ஆள் இருந்தது. காற்றுக்கு மட்டும் ஒருவரும் கை தூக்கவில்லை. சலிப்பான வேலை. பாய்கிறவரைப் பார்க்கக் கூடாது. கூம்பையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். நான் கை தூக்கினேன். பாடத்துக்குக் காட்டிய படத்தில் அந்த ஆளுக்கு மட்டும் ஒரு கதிரை போட்டிருந்தார்கள்.

மகள் இரண்டு வருடத்தில் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டாள். நான் போய்க்கொண்டேயிருந்தேன். யாழ்ப்பாணத்தாரான என் கணவர் இதை ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார். "மட்டக்களப்பில கலியாணம் கட்டினா மந்திரம் போட்டுப் பாயில ஒட்ட வைச்சிடுவினம் எண்டு எல்லாரும் என்னைப் பயப்பிடுத்திச்சினம். கடைசியில இவதான் போய் மணலில ஒட்டிப்போட்டா." அவருக்கு எங்கே விளங்கப்போகிறது! வேலையில் மணி அடித்தால் எழும்ப வேண்டும். வீட்டில் யாராவது கூப்பிட்டால் எழும்ப வேண்டும். இந்த மொன்றியல் நகரத்தில் "இருங்கள், அசையாமல் இருங்கள்" என்று சொல்லி என்னை இருத்திவைக்கிற ஒரே இடம் அந்தக் கதிரைதான்.

வேலை செயின்ட்-மிஷேலில், ஒரு முதியோர் இல்லத்தில். அங்கே எனக்குச் சோடி ஒரு பிலிப்பைன்ஸ்காரி. சோடி என்றால், படுக்கையில் கிடப்பவர்களைப் புரட்டுவது, தூக்கி நாற்காலியில் வைப்பது எல்லாம் இரண்டு பேராகத்தான் செய்ய வேண்டும். ஒருத்தி தோள் பக்கம், மற்றவள் கால் பக்கம். ஒன்று, இரண்டு, மூன்று எண்ணித் தூக்குவோம். பதினொரு வருடமாக அவளோடு எண்ணிக்கொண்டிருந்தேன். பாதிப் பிரெஞ்சும் பாதி இங்கிலீசுமாகப் பேசிக்கொள்வோம். அது எங்கள் இருவரையும் தவிர வேறு யாருக்கும் விளங்காது. இங்கே அதை என் தமிழில் எழுதுகிறேன். நான் இரண்டு வயது மூத்தவள் என்பதால் என்னை "ஆத்தே" என்பாள். அவர்கள் பாஷையில் அக்கா.

அவள் ஒரு காலத்தில் முப்பாய்ச்சல்காரி. பள்ளிக்கூட நாளில் தன் மாகாணத்துக்காகப் பாய்ந்திருக்கிறாள். பிறகு கலியாணம், பிள்ளை, பிரிந்துபோன புருஷன், பிள்ளையைத் தாயிடம் விட்டுவிட்டு ஹொங்கொங்கில் வீட்டுவேலை, அங்கிருந்து மொன்றியல். மகள் வந்து சேர்ந்தபோது அதற்குப் பத்து வயது. விமான நிலையத்தில் தாயைப் பார்த்துவிட்டு வேறு யாருக்கோ பின்னால் போய் ஒளிந்ததாம். ஒரு வருடம் இருவருக்கும் பேச ஒன்றும் இருக்கவில்லை. ஒருநாள் பூங்காவில் தாய் சும்மா மூன்று எட்டுப் பாய்ந்து காட்டியிருக்கிறாள். மகளும் பாய்ந்திருக்கிறாள். அதன் பிறகு அவர்கள் கதைத்ததெல்லாம் பாய்ச்சலைப் பற்றித்தான். என் மகளையும் அந்தக் கழகத்துக்கு இழுத்தது அவள்தான்.

அவளுடைய கைபேசியில் பிலிப்பைன்ஸ் நாட்டுச் சாதனைகளின் பட்டியல் இருந்தது. உயரம், நீளம், முப்பாய்ச்சல், கோலூன்றிப் பாய்தல்; ஆண்களுக்கு, பெண்களுக்கு. யார், எங்கே, எந்த ஆண்டு என்று செபமாலை சொல்வதுபோல் சொல்லுவாள். அந்த நாட்டில் எல்லோருக்கும் கூடைப்பந்துப் பைத்தியம். மணலுக்குள் பாய்கிறவர்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது அவளுடைய தீராத கோபம். வெளிநாடுகளில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள்கூட அந்தக் கொடிக்காகப் பாய்ந்து பட்டியலில் ஏறியிருக்கிறார்கள் என்று சொல்லும்போது மட்டும் குரல் இறங்கும். சொல்லாமலே எனக்குத் தெரியும், அந்தப் பட்டியலில் மகளின் பெயர் வர வேண்டும். அவளுக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

வரக்கூடிய மாதிரித்தான் இருந்தது. மகளுக்கு இருபது வயது, இரண்டு கடவுச்சீட்டு, தாயைவிட நீளமான கால். அந்தக் கோடை தொடங்கும்போதே நாட்டுச் சாதனைக்குக் கிட்டக் கிட்டப் பாய்ந்துகொண்டிருந்தாள். பயிற்சியாளர் மணிலாவுக்கு எழுதிக் கேட்டார். ஒழுங்கான போட்டியாக இருக்க வேண்டும், நடுவரின் கையெழுத்து இருக்க வேண்டும், காற்றின் அளவு தாளில் இருக்க வேண்டும் என்று பதில் வந்தது. அந்த வசந்தத்தில் இரண்டு போட்டிகளில் காற்றுக்கு ஆளே வரவில்லை. அவள் பாய்ந்த நல்ல பாய்ச்சல் ஒன்று அப்படியே வீணாகிப் போனது.

"ஆத்தே, நீங்க வராட்டி அவள் எவ்வளவு பாய்ஞ்சும் பிரயோசனமில்ல" என்றாள். வருகிறேன் என்று சொன்னேன்.

போட்டி சனிக்கிழமை மதியம். நாங்கள் இருவரும் வெள்ளி இரவு வேலை முடித்துக் காலை ஏழரைக்கு உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தோம். மேற்பார்வையாளர் வந்து கதவில் நின்றார். பகல் வேலைக்கு இரண்டு பேர் வரவில்லை, உங்களில் ஒருவர் மூன்றரை வரை நிற்க வேண்டும் என்றார். கட்டாய மேலதிக நேரம். மாட்டேன் என்று சொல்ல முடியாது. சேவைக் காலம் குறைந்தவர்தான் நிற்க வேண்டும் என்பது ஒழுங்கு. நான் அவளைவிட நான்கு மாதம் குறைந்தவள். ஆக, நிற்க வேண்டியவள் நான்.

எனக்குக் கோபத்தில் அழுகை வந்தது. அவள் திறந்த அலுமாரியை மறுபடி பூட்டினாள்.

"நான் நிக்கிறன்."

"உனக்கென்ன பைத்தியமா? உன்ட மகள் பாயிற நாள்!"

"நான் போனா இருந்து பாக்கலாம், கை தட்டலாம். வேறென்ன? நீங்க போகாட்டிக் காத்து இல்ல. காத்து இல்லாட்டி ஒண்டும் இல்ல." பிறகு சீருடையின் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "என்ட கண்ணுக்கும் சேத்துப் பாருங்க, ஆத்தே. எல்லாம் பாத்து வந்து எனக்குச் சொல்ல வேணும்."

சரி என்றேன். அப்போது அதில் ஒரு பிழையும் எனக்குத் தெரியவில்லை.

பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் வீடு மூன்றாம் மாடி. ஏறிப் போய் இரண்டு மணித்தியாலம் படுத்தேன். நித்திரை என்று சொல்ல முடியாது, கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். கணவர் தேத்தண்ணீர் கொண்டுவந்து தந்து, "பேசாமப் படும். மணல் எங்கயும் ஓடாது" என்றார். எழும்பிப் போனேன்.

மைதானத்தில் வெயில் புழுங்கியது. மருந்துக்கும் காற்றில்லை. வேலி ஓரத்து மேப்பிள் மரங்களில் ஓர் இலை ஆடவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது, இன்று காற்று யாரையும் கெடுக்காது என்று. ஒவ்வொரு பிள்ளை ஓடிவரும்போதும் கூம்பைப் பார்த்தேன், அழுத்தினேன், எண்ணைச் சொன்னேன். தலைமை நடுவர் எழுபது வயதுக் கிழவர், வெள்ளைத் தொப்பி. ஒவ்வொரு தடவையும் "மெர்சி, மதாம்" என்று நன்றி சொல்வார். எல்லாம் பூச்சியத்துக்குக் கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே. கண்ணுக்குள் மணல் போட்டதுபோல் எரிந்தது. ஆனால் கை தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

அவளுடைய மகள் முதல் பாய்ச்சலில் பலகையைத் தாண்டி மிதித்தாள், சிவப்புக் கொடி. இரண்டாவதும் மூன்றாவதும் சுமார். நான்காவதுக்கு ஓடுபாதையின் தூரத்துத் தொங்கலில் போய் நின்றாள். நெற்றியில், நெஞ்சில், தோள்களில் சிலுவை போட்டாள். அதே சிலுவை. ஒவ்வொரு நாளும் வேலை தொடங்கமுன் தாய் போடுகிற மாதிரியே, கடைசியில் விரலை முத்தமிட்டுக்கொள்வதுகூட. அதைக் கண்டதும் எனக்குத் தாயின் நினைவு வந்துவிட்டது. இந்நேரம் அங்கே யாருடைய காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாளோ என்று நினைத்தேன். அவள் கண்ணுக்கும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன்.

பார்த்தேன். எட்டு வருடமாக ஒரு பாய்ச்சலையும் முழுதாகப் பார்க்காத நான் அதை முழுதாகப் பார்த்தேன். ஓடிவந்த வேகம், பலகையில் விழுந்த அடி, அதே காலில் திரும்பவும் எழும்பியது, மற்றக் காலுக்கு மாறியது, பிறகு கடைசி எழும்பல். அந்தரத்தில் கொஞ்சம் அதிக நேரம் நின்றாள் என்று சத்தியம் பண்ணுவேன். மணல் எழும்பியது. வெள்ளைக் கொடி உயர்ந்தது. சனம் கத்தியது. நான் கதிரையை விட்டு எழும்பி நின்றுகொண்டிருந்தேன், இரண்டு கையும் வாயில்.

இரண்டு கையும் வாயில் இருந்தால் பொத்தானில் எந்தக் கை?

கிழவர் தானே குனிந்து அளந்தார். மறுபடி அளந்தார். பயிற்சியாளர் அவர் காதில் ஏதோ சொன்னார். பழைய சாதனையை நான்கு விரற்கடையால் தாண்டியிருந்தாள். கிழவர் சிரித்த முகத்தோடு என் பக்கம் திரும்பி, "காற்று, மதாம்?" என்று கேட்டார்.

பெட்டியில் அவளுக்கு முன் பாய்ந்த பெண்ணின் எண் இன்னும் நின்றது. பூச்சியம் புள்ளி மூன்று. அதை வாசித்தால் போதும். யாருக்கும் தெரியப்போவதில்லை, யாருக்கும் நட்டமும் இல்லை. அன்று இருந்த காற்றும் உண்மையில் அவ்வளவுதான். நான் பொய்யே சொல்லாத உத்தமி அல்ல. இந்த நாட்டுக்கு வந்தபோது குடிவரவு அதிகாரிக்கு முன்னால் கூட்டியும் குறைத்தும்தான் சொன்னேன். அப்படியிருந்தும் வாயில் வந்தது, "அழுத்தவில்லை" என்பதுதான். அதை நேர்மை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். வெறும் களைப்பு. பொய் சொல்வதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

கிழவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது. தாளில் ஒரு கோடு இழுத்தார். மிச்சமிருந்த இரண்டு பாய்ச்சலிலும் அந்தப் பிள்ளையின் காலில் ஒன்றும் மிச்சமில்லை. போட்டியில் முதலாம் இடம் அவளுக்குத்தான். பதக்கத்தை யாரோ கழுத்தில் போட்டார்கள்.

முடிந்த பிறகு அவள் என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து புல்லில் இருந்தாள். பிலிப்பைன்ஸ் பிள்ளைகள் தாயின் சிநேகிதிகளை "தீத்தா" என்பார்கள், சின்னம்மா மாதிரி.

"தீத்தா, அழாதீங்க."

நான் அழுகிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

"அம்மாட்ட சொல்ல வேணாம்" என்றாள். பிரெஞ்சில்தான் சொன்னாள், மிக அமைதியாக. "நீங்க அழுத்தேல்ல எண்டு தெரிஞ்சா, தான் வந்திருக்கலாம் எண்டு சாகும்வரைக்கும் யோசிப்பா. காத்துக் கூடிப்போச்சு எண்டு சொல்லுங்க. காத்துக்கு ஒருத்தரும் பொறுப்பில்லைத்தானே."

சரி என்று உடனே தலையாட்டினேன். இருபது வயதுப் பிள்ளை தாயைக் காப்பாற்ற நினைத்தது. நானோ என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் தலையாட்டினேன்.

வேலையில் கிடைத்த பத்து நிமிட இடைவேளையில் தாய் போன் எடுத்தாள். தூரத்தைச் சொன்னேன். மறுபக்கம் ஒரு சத்தம், சிரிப்பா அழுகையா தெரியவில்லை. பிறகு, "ஆனா காத்துக் கூடிட்டு" என்றேன்.

"எவ்வளவு?"

பாய்ந்தவள் அல்லவா, அதைத்தான் கேட்பாள். நான் யோசித்து வைத்திருக்கவில்லை. "ரெண்டு புள்ளி ஆறு" என்று வந்துவிட்டது. கிழவருக்குச் சொல்ல வராத எண் இவளுக்குச் சொல்ல எப்படி வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

"சரி, கடவுளின்ட காத்து" என்றாள். "நீங்க பாத்தீங்களா?"

"பாத்தன்."

"சொல்லுங்க."

சொன்னேன். பலகையிலிருந்து மணல் வரை ஒன்றையும் விடாமல் சொன்னேன். அது மட்டும் பொய்யில்லை. அவள் மூச்சு விடுவது கேட்டுக்கொண்டிருந்தது. யாருடைய அறையிலோ மணி அடிக்க, வைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து கணவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பகிடி விடவில்லை. சட்டையைக் கழற்றிக் கொழுவிவிட்டு, "உது கொம்பியூட்டரில வராதோ?" என்று கேட்டார்.

முடிவுகள் அன்றே இணையத்தில் போட்டுவிடுவார்கள். அவளோ அந்தத் தாள்களைச் சாப்பிடும்போதுகூட வாசிக்கிறவள். அது எனக்கு ஏன் நினைவுக்கு வரவில்லை? திறந்து பார்த்தோம். ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் கீழே அதன் காற்று. எல்லாப் பிள்ளைகளுக்கும் பூச்சியம் புள்ளி ஏதோ ஒன்று. ஒரே ஒரு பாய்ச்சலுக்குக் கீழே, மிக நீளமானதற்குக் கீழே, காற்று விபரம் இல்லை என்று போட்டிருந்தது.

"அவவுக்கு விளங்கும்" என்றார் கணவர்.

"ஓம்" என்றேன்.

திங்கட்கிழமை வேலைக்குப் போகும்போது மெற்றோவில் ஏறாமல் திரும்பி வந்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். போனால், அவள் எப்போதும்போல் கையுறை போட்டுக்கொண்டு நின்றாள். "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணினாள். தூக்கினோம். என்னைக் கேட்பாள் என்று ஒரு கிழமை பார்த்தேன், ஒரு மாதம் பார்த்தேன். நானே சொல்லிவிடலாம் என்று பல தடவை வாயெடுத்தேன். வெட்கம் விடவில்லை. அவள் அந்தப் பட்டியலைப் பற்றிப் பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டாள். மகளுக்கு ஆடி மாதம் கணுக்கால் பிரண்டது. படிப்பு, ஒரு மருந்துக்கடையில் பகுதிநேர வேலை. அந்தத் தூரத்துக்குக் கிட்டவும் பிறகு அவள் பாயவில்லை. எனக்குக் கழகத்திலிருந்து அடுத்த போட்டிக்கு வரச்சொல்லி மின்னஞ்சல் வந்தது. போனேன். காற்றுக்கு வேறு ஆள் இல்லை. இப்போது கூம்பை மட்டும்தான் பார்க்கிறேன்.

குளிர் தொடங்க எங்கள் இருவரையும் பகல் வேலைக்கு மாற்றினார்கள். புதிதாக ஒரு பெண் வந்து சேர்ந்தாள், அவளும் பிலிப்பைன்ஸ்காரி, இளம் பிள்ளை. மாதா கோயிலில் எதையோ கேள்விப்பட்டு வந்து, மத்தியானம் மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என் சோடியிடம் கேட்டாள். எனக்கும் விளங்கட்டும் என்று இங்கிலீசில்தான் கேட்டாள்.

"உங்கட மகள் நாட்டுச் சாதனையைத் தாண்டிப் பாய்ஞ்சவவாமே? அப்ப ஏன் பேர் வரேல்ல?"

நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"பாய்ஞ்சவள்தான்" என்றாள் அவள், சோற்றிலிருந்து தலையை நிமிர்த்தாமல். "காத்துக் கூடிட்டு. ரெண்டு புள்ளி ஆறு. அண்டைக்கு மரமெல்லாம் வளைஞ்சு ஆடினது. நாற்காலியெல்லாம் பறந்தது. ஆர் என்ன செய்யேலும்?" பிறகு தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். "ஆத்தே அங்கதான் இருந்தவ. அவவிட்டக் கேட்டுப் பார்."

அவள் அங்கே இருக்கவில்லை. அன்று ஓர் இலை அசையவில்லை என்பது அந்தத் தாளை ஒரு தரம் வாசித்த எவருக்கும் தெரியும். புதியவள் என் பக்கம் திரும்பினாள்.

"ஓம்" என்றேன். "சரியான காத்து."

என் சோடி தலையாட்டிவிட்டு மிச்சச் சோற்றைச் சாப்பிட்டாள்.